பாகு குடித்த டயர்

பாகு டயருக்குள் போக மறுத்தது.

கிளாரி ஏணி மேல் ஏறி நின்று, புனலை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். புனலிலிருந்து ஒரு குழாய் இறங்கி, ஜாக்கி மேல் நின்ற டிராக்டரின் பின்சக்கர வால்வில் போய் முடிந்தது. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றியாயிற்று. வால்வு சக்கரத்தின் உச்சியில் இருக்கும்படி திருப்பி வைத்தாயிற்று. எல்லாம் முறைப்படிதான். ஆனால் புனலில் ஊற்றிய கரும்புப்பாகு, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போல, உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதாக இல்லை.

புனலை ஆட்டினார். தட்டினார். கடைசியில் வாயை வைத்து ஊதியும் பார்த்தார். பாகு அவர் மூக்கில் ஒட்டிக்கொண்டது. டயருக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

டயருக்குள் எதற்காகப் பாகு என்று கேட்கலாம். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னால் புரிந்துவிடும். மேட்டுக் கொட்டகையிலிருந்து உருளையாகச் சுருட்டிக் கட்டிய ஒரு பெரிய புல்லுருளையை டிராக்டரின் முன்பக்கத் தூக்கியில் குத்தி எடுத்துக்கொண்டு கிளாரி சரிவில் இறங்கினார். மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம். பாதிச் சரிவில் டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. கிளாரி சட்டென்று உருளையைக் கீழே இறக்கியதால் சக்கரங்கள் தொப்பென்று செம்மண்ணில் விழுந்தன. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி நோலீன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. நோலீனின் திட்டுக்குக் கிளாரி மழைக்குக் குடை பிடிப்பது போலப் பழகிப்போனவர். அவள் திட்டவில்லை. கையிலிருந்த துணி கிளிப்புகளை அப்படியே புல்லில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ நெடுநேரம் ஃபோனில் பேசினாள். அன்று சாப்பாட்டு மேஜையில் கிளாரியின் தட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்தாள். அது அவரைத் திட்டைவிட அதிகமாகச் சுட்டது.

"ஞாயித்துக்கிழமை மெர்வ்னு ஒருத்தர் வர்றாரு" என்றாள் நோலீன். "பாத்துட்டு விலை பேசுவாரு. எனக்கும் மனசு கேக்கலைதான். ஆனா ஒரு புல்லுக்கட்டுக்காக நான் விதவையாக முடியாது."

"நோலீன், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பட்டாணி எடுத்துக்கோ."

அந்த வீட்டில் 'பட்டாணி எடுத்துக்கோ' என்றால் தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்தியாயிற்று என்று அர்த்தம். கிளாரி பட்டாணி எடுத்துக்கொண்டார்.

அந்த டிராக்டர் ஒன்றும் பெரிய ராட்சதன் அல்ல. நீல நிறத்தில், கையடக்கமாக, பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்களின் பேரக்குழந்தை மாதிரி இருக்கும். ஆனால் கிளாரி வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை மலாண்டா வட்டாரத்துப் பண்ணைகளில் பால் சேகரிக்கும் லாரி ஓட்டியவர். வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கு, சொந்தமாகக் கிடைத்த முதல் ஸ்டீயரிங் அது. வேலை இல்லாத நாளிலும் அதைத் துடைப்பார். மழை பெய்தால் எழுந்து போய்க் கொட்டகை ஒழுகுகிறதா என்று பார்ப்பார். அதை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதை நினைத்தாலே அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வேலியோரம் சில்வியோவைப் பிடித்தார். சில்வியோ அடுத்த நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வேலிக்கம்பி அதிர்ந்தது.

"முன்னாடி அவ்வளவு பாரம் தூக்குறியே, பின்னாடி என்னடா இருக்கு? வெறும் காத்து. டயருக்குள்ள முக்கால்வாசி தண்ணியை நிரப்பு. மேல கொஞ்சம் காத்து இருக்கட்டும். வண்டி அப்புறம் ஆடாது, அசையாது. என் வண்டி எல்லாத்துலயும் தண்ணிதான்."

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான். அதுக்கு மேல நீ எதுவும் யோசிக்காதே. நீ யோசிக்க ஆரம்பிச்சாலே ஊருக்கு ஆபத்து."

கிளாரி யோசித்தார்.

தண்ணீர் கனம். சரி. ஆனால் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமான ஒன்று அவர் கொட்டகையிலேயே டிரம் டிரம்மாக இருக்கிறதே? குளிர்காலத்தில் புல் காய்ந்துவிட்டால் மாடுகளுக்கு வைப்பதற்காக, சர்க்கரை ஆலையிலிருந்து அந்த மேட்டுநிலத்தில் எல்லோரும் வாங்கி வைக்கும் கறுத்த கரும்புப்பாகு. சில்வியோவிடம் உருளைக்கிழங்குதான் உண்டு, மாடு கிடையாது. ஆகவே அவர் புத்தி தண்ணீரோடு நின்றுவிட்டது என்று கிளாரி முடிவு செய்தார். தண்ணீர் ஊற்றினால் வண்டி கவிழாது. பாகு ஊற்றினால் பூகம்பம் வந்தாலும் கவிழாது. ஞாயிற்றுக்கிழமை அந்த மெர்வ் வரும்போது நோலீன் கண்ணெதிரே புல்லுருளையைத் தூக்கிச் சரிவில் இறங்கிக் காட்டிவிட்டால், அவளே மெர்வை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

அப்படித்தான் வியாழக்கிழமை காலையில் ஏணிமேல் ஏறினார்.

நல்லவேளையாக நோலீன் புதன்கிழமையிலிருந்து பகலில் வீட்டில் இல்லை. ஊர்ப் பொருட்காட்சிக்குப் பலகாரம் செய்யும் பெண்கள் குழுவில் அவளுக்குப் பெரிய பொறுப்பு. காலையில் மாவும் வெண்ணெயுமாகப் போனால் மாலையில்தான் வருவாள்.

பாகு இறங்கவில்லை என்றால் அதை இளக்க வேண்டும். கெட்டிலில் வெந்நீர் வைத்தார். கலக்குவதற்குப் பெரிய பாத்திரம் வேண்டும். சமையலறை அலமாரிக்கு அடியில் மூடியோடு ஒரு வெள்ளை வாளி இருந்தது. நோலீன் இஞ்சியும் சர்க்கரையும் போட்டு இஞ்சி பீர் புளிக்கவைக்கும் வாளி. அடியில் பழுப்பாக ஏதோ வண்டல் படிந்திருந்தது. கழுவலாமா என்று ஒரு கணம் நினைத்தார். டயருக்குள் போகப்போவதைக் கழுவி என்ன, கழுவாமல் என்ன? பாகையும் வெந்நீரையும் அதிலேயே ஊற்றிக் கலக்கினார். ஒவ்வொரு வாளியும் நுரைக்க நுரைக்க அருமையாகக் கலந்தது.

இளகிய பாகை உள்ளே தள்ள ஒரு பம்பு வேண்டும். அதற்கும் வழி இருந்தது. கிளாரியும் தீயணைப்புப் படையில் உறுப்பினர்தான். புல்லில் தீப்பிடித்தால் முதுகில் மாட்டிக்கொண்டு கையால் அடிக்கும் தண்ணீர்ப் பை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அதன் மூக்கை வால்வுக் குழாயோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அடித்தார். பாகு போயிற்று. இடையிடையே நிறுத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியே விட்டு, மறுபடியும் அடித்தார். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. மாலைக்குள் இரண்டு பின்டயரும் முக்கால்வாசி நிரம்பிவிட்டன. ஊசியைத் திருகி, ஜாக்கியை இறக்கினார்.

டிராக்டர் மண்ணில் உட்கார்ந்த தோரணையே வேறு. கல்யாணத்துக்குப் பிறகு சதை போட்டவன் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்தது. கிளாரி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். குலுங்கவில்லை, வழுக்கவில்லை. இருக்கையில் இருந்தபடியே கொஞ்சம் பாடவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் துணியோடு போய் டிராக்டரைத் துடைத்தபோது, டயர்கள் விம்மியிருந்தன. தட்டிப் பார்த்தார். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. காதை வைத்துக் கேட்டார். உள்ளே யாரோ முணுமுணுப்பது போல ஒரு சின்ன இரைச்சல்.

பாகு, வெதுவெதுப்பான தண்ணீர், இஞ்சி பீரின் ஈஸ்ட் வண்டல். இந்த மூன்றையும் மூடிவைத்தால் என்ன ஆகும் என்று நோலீனைக் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பாள். டயர்கள் இரண்டும் பீப்பாய்களாகிவிட்டன. உள்ளே சாராயம் ஊறிக்கொண்டிருந்தது.

கிளாரிக்கு அது தெரியவில்லை. வெயிலில் காற்று விரிந்திருக்கும் என்று நினைத்தார். கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டால் போதும். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, புல்வெளியோரம் நகர்த்தி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, ஊசியைத் திருகினார். கொஞ்சம் திருகலாம் என்றுதான் நினைத்தார். ஊசி பறந்து போயிற்று.

பழுப்பு நுரை வாணவேடிக்கை போலக் கிளம்பியது. முதலில் அவர் முகத்தில் அடித்தது. அவர் விலகிக்கொண்டதும், வழி கிடைத்த சந்தோஷத்தில் நேரே துணிக்கொடிக்குப் போயிற்று. குடை மாதிரி சுற்றும் கொடி. அதில் நோலீனின் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் கொடி மெதுவாகச் சுற்றியது. ஒரு விரிப்புகூட விட்டுப்போகாமல், முறை வைத்து ஒவ்வொன்றாக வந்து நுரையில் நனைந்தது.

வால்வில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, மறுகையால் புல்லில் ஊசியைத் தேடிக் கண்டுபிடித்துத் திருகுவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. விரிப்புகளை எல்லாம் மெஷினில் போட்டார். சோப்பை வாரி இறைத்தார். வெளியே எடுத்தபோது அவை வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. பாலில் போட்ட டீ மாதிரி ஒரு நிறத்தில் இருந்தன.

மாலையில் நோலீன் கொடியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன இது?"

"வௌவால்" என்றார் கிளாரி. "பழந்தின்னி வௌவால். கூட்டமா வந்துச்சு."

நோலீன் ஒரு விரிப்பின் முனையை மூக்கருகே கொண்டுபோனாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"பாவம், என்ன சாப்பிட்டுச்சோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதற்குள் மோப்பம் பிடித்துவிட்டன மாடுகள். மொத்தம் ஆறு பசுக்கள். கன்றாக இருந்தபோதே நோலீன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவை. ஆகவே மரியாதை, பயம் இரண்டும் தெரியாதவை. அவற்றின் தலைவி டல்சி என்ற செவலைப் பசு. சனிக்கிழமை காலையில் ஆறும் வேலியின் மேல் கழுத்தை நீட்டி, டிராக்டரையே பார்த்துக்கொண்டு நின்றன. கிளாரி வண்டியைக் கிளப்பியதும் வேலிக்கு அந்தப் பக்கமாகவே ஊர்வலம் வந்தன. நிறுத்தினால் நின்றன. திருப்பினால் திரும்பின. டல்சி வேலியைத் தோளால் தள்ளிப் பார்த்தது. வேலி வழிவிட்டது.

ஆறு நாக்குகள் இரண்டு டயர்களை நக்க ஆரம்பித்தன.

கிளாரி விரட்டினார். தொப்பியைக் கழற்றி வீசினார். பின்பு தண்ணீர்க் குழாயை எடுத்துவந்து டயரைச் சுத்தமாகக் கழுவினார். மாடுகள் தரையை நக்கின. டயர் மறுபடி விம்மிக்கொண்டிருந்தது. இன்று வேறு வெயில் நன்றாக அடிக்கிறது. வெடித்தால் நாளைக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இந்த நேரம் பார்த்துச் சில்வியோ வந்து சேர்ந்தார். அன்றைக்குத் தீயணைப்புப் பயிற்சி. கிளாரி பொறுப்பில் இருந்த தண்ணீர்ப் பையை வாங்கிப் போக வந்திருந்தார்.

"டயருக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

"ஊத்தியாச்சு."

"வெறும் தண்ணிதானே?"

"கிட்டத்தட்ட" என்றார் கிளாரி.

சில்வியோ அந்தச் சொல்லை எடைபோட்டுப் பார்த்தார். ஆறு மாடுகளையும் பார்த்தார். அவருக்கு அவசரம். பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் செய்முறை காட்டுவதற்காக அவர் அந்தப் பையை முதுகில் மாட்டி அடித்தபோது, மூக்கிலிருந்து பழுப்பாக ஒரு நூல் வந்து அவர் பூட்ஸ் மேல் சுருண்டு விழுந்ததாகவும், அதற்குள் அந்த மைதானத்து எறும்புகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டதாகவும் பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கிளாரி இதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். டயரில் சரக்கு அதிகம். கொஞ்சம் வடித்துவிட்டால் இரைச்சல் அடங்கும். கொட்டகைக்குப் பின்னால், மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போட்டிருந்த பழைய குளியல் தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. டிராக்டரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, குழாய் வைத்து, இரண்டு டயரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார். தொட்டி பாதிக்குமேல் நிரம்பியது. வாசனை கொஞ்சம் கிறக்கமாகத்தான் இருந்தது. அதன்மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடினார். மீதி இருப்பது மறுபடியும் விம்மிவிடக் கூடாது என்று, வால்வு ஊசிகளை முழுக்க இறுக்காமல், மூச்சு விடுகிற மாதிரி லேசாகத் தளர்த்தி வைத்தார். நாளைக்கு ஓட்டும்முன் இறுக்கிவிட்டால் ஆயிற்று. மாடுகளை உள்ளே தள்ளி, வேலியையும் இரண்டு கட்டைகள் வைத்து நிமிர்த்திவிட்டு, இதைவிடப் புத்திசாலித்தனமாக ஒருவன் என்ன செய்ய முடியும் என்று நினைத்தபடி போய்ப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது கட்டைகள் சாய்ந்து கிடந்தன. தகரம் ஒரு பக்கம் கிடந்தது. தொட்டி காலி. அடைப்பு கழன்று எல்லாம் மண்ணில் ஓடிவிட்டது போலிருக்கிறது என்று கிளாரி நினைத்தார். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்கிற கவலை தீர்ந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். மாடுகளை அவர் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், சரிவின் புல்லில் ஆங்காங்கே படுத்திருந்த அவற்றின் முகத்தில் ஒரு வகையான பேரமைதி குடிகொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

காலை உணவின்போது நோலீன் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்தாள். ஸ்கோன் என்னும் சின்ன ரொட்டிகளைச் சுட்டாள். ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்த மாதிரி கிளாரிக்குப் பட்டது.

"நோலீன், அந்த ஆளு வந்தவுடனே ஒரே ஒரு நிமிஷம் நான் ஒண்ணு காட்டணும். அதைப் பாத்துட்டு நீ முடிவு பண்ணு."

"முடிவு பண்ணியாச்சு கிளாரி. ஏற்கனவே எனக்கு வேதனையா இருக்கு. நீ வேற கிளறாதே."

சாலையில் ஒரு பிக்கப் வண்டி திரும்புவது தெரிந்தது. கிளாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

ஓடிய ஓட்டத்தில் வால்வு ஊசிகளை மறந்துவிட்டார்.

டிராக்டர் ஒரே சாவியில் கிளம்பியது. மேட்டுக் கொட்டகைக்கு ஏறினார். இருப்பதிலேயே பெரிய புல்லுருளையாகப் பார்த்துக் குத்தித் தூக்கினார். திரும்பினார். கீழே வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, அகலத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். மெர்வ்தான். நோலீன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலே டிராக்டரில் புல்லுருளையைப் பார்த்ததும் அவள் இரு கையும் வாய்க்குப் போயின.

கிளாரி சரிவில் இறங்கினார்.

பின்சக்கரங்கள் எழும்பவில்லை. ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை சக்கரம் எழுந்த அதே இடத்தைத் தாண்டினார். வண்டி பாறை மாதிரி நிலத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. நோலீனின் கைகள் வாயிலிருந்து மெல்ல இறங்குவதை அவர் பார்த்தார். அவ்வளவு தொலைவிலிருந்தும் அவள் முகத்தில் பயம் கரைவது தெரிந்தது. கிளாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவளுக்கு ஆட்டினார்.

அவர் பார்க்காதது ஒன்றுதான். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் வால்வு கீழே வந்தது. கீழே வந்தபோதெல்லாம் தளர்ந்த ஊசியின் வழியே பழுப்பாக ஒரு பீச்சு பீச்சியது. ஒவ்வொரு பீச்சிலும் ஊசி இன்னும் கொஞ்சம் தளர்ந்தது.

பாதையின் நடுவே டல்சி படுத்திருந்தது.

கிளாரி ஹாரனை அடித்தார். டல்சி ஒரு கண்ணைத் திறந்தது. டிராக்டரை அன்பாகப் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது. எழுந்திருக்கும் எண்ணம் அதற்கு இல்லை. இருந்தாலும் முடிந்திருக்காது. கிளாரி ஸ்டீயரிங்கை ஒடித்தார். இடது டயரின் ஊசி துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்தது. அவ்வளவுதான். பாகும் நுரையும் காற்றும் ஒன்றாகச் சீறிக்கொண்டு வெளியேற, டயர் தட்டையாகி, டிராக்டர் பெருமூச்சு விட்டபடி சேற்றுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த அதிர்ச்சியில் புல்லுருளை கழன்றது. அது நிதானமாகச் சரிவில் உருண்டு, மெர்வ் ஒதுங்கி நின்று வழிவிட, அவருடைய பிக்கப் வண்டியின் மூக்கில் மெத்தென்று முட்டி நின்றது.

நோலீன் செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தாள். கிளாரியின் தோளைப் பிடித்துத் திருப்பி, கை கால்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை. பாத்தியா, பின்சக்கரம் எழும்பவே இல்லை."

நோலீன் அவர் சட்டையில் முகத்தை வைத்து ஒரு கணம் நின்றாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். விலகி நின்று அவரைப் பார்த்தாள்.

"வௌவாலா?" என்று கேட்டாள்.

கிளாரி எல்லாவற்றையும் சொன்னார். பாகு, இஞ்சி பீர் வாளி, தண்ணீர்ப் பை, படுக்கைவிரிப்பு, குளியல் தொட்டி, ஒன்றுவிடாமல் சொன்னார். தொட்டி என்றதும் நோலீன் திரும்பிச் சரிவைப் பார்த்தாள். ஒரு பசு எழுந்து நிற்க முயன்று, முன்கால்களை மட்டும் நிமிர்த்தி, அதுவே போதும் என்று திருப்தியாகி நின்றுவிட்டது. இன்னொன்று வேலிக்கம்பத்தோடு நெற்றியை வைத்து ஏதோ அந்தரங்கம் பேசிக்கொண்டிருந்தது. நோலீன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிளாரிக்குத் தெரியவில்லை.

மெர்வ் ஊன்றி ஊன்றி நடந்து மேலே வந்தார். டல்சியின் பக்கத்தில் போய் நின்றார். டல்சி அவர் பூட்ஸ் மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டது.

சாய்ந்து கிடந்த டிராக்டரையும், மண்ணில் ஓடும் நுரையையும் பார்க்கப் பார்க்க, கிளாரிக்கு வெட்கத்தின் நடுவே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இந்தக் கோலத்தில் இதை எவன் வாங்குவான்? ஊர் சிரிக்கட்டும். வண்டி தப்பித்தது. இந்த ஒன்றுக்காக எவ்வளவு அவமானத்தையும் தாங்கலாம். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, முடிந்தவரை சோகமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க மெர்வ். இவ்வளவு தூரம் உங்களை வீணா வரவழைச்சுட்டோம். உள்ளதைச் சொல்றேன், இந்த டிராக்டரை இப்ப நானே வாங்க மாட்டேன்."

மெர்வ் டல்சியின் தலைக்கடியிலிருந்து காலை மெதுவாக உருவிக்கொண்டார்.

"டிராக்டரை யாருங்க கேட்டா? மாடு இருந்தாத்தானே புல்லுக்கட்டு தூக்கணும், மாட்டை வித்துட்டா அந்த மனுஷன் டிராக்டரை ஆசை தீர ஓட்டிக்கிட்டுக் கிடக்கட்டும்னு உங்க வீட்டம்மா ஃபோன்ல சொன்னாங்க. நான் வாங்க வந்தது இந்த ஆறு குடிகாரிகளைத்தான்."